மூன்று குளம், எட்டு வரி: எக்ஸ்எம்எல் கோப்புக்குள் வழி தேடுதல்

கிளிநொச்சியில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் ஒருத்தி கமக்காரர் வீட்டுப் பிள்ளை. வன்னிக் குளங்களுக்கு ஒரு தரவுக் கோப்புச் செய்யப்போகிறேன் என்று தொடங்கி, முதலில் மூன்று குளங்களை மட்டும் எழுதிப் பார்த்தாள். கோப்பில் எத்தனை குளம் இருக்கிறது என்று கணினியிடமே கேட்டாள். எட்டு என்றது கணினி. "சேர், மூன்றுதான் எழுதினேன், எட்டு என்கிறதே" என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

தரவை அடையாளமிட்டு எழுதும் எக்ஸ்எம்எல் முறையில் அவள் எழுதிய கோப்பு இது:

```
<குளங்கள்>
  <குளம் மாவட்டம்="கிளிநொச்சி">
    <பெயர்>இரணைமடு</பெயர்>
    <ஆறு>கனகராயன் ஆறு</ஆறு>
  </குளம்>
  <குளம் மாவட்டம்="முல்லைத்தீவு">
    <பெயர்>வவுனிக்குளம்</பெயர்>
    <ஆறு>பாலி ஆறு</ஆறு>
  </குளம்>
  <குளம் மாவட்டம்="முல்லைத்தீவு">
    <பெயர்>முத்தையன்கட்டுக்குளம்</பெயர்>
    <ஆறு>பேராறு</ஆறு>
  </குளம்>
</குளங்கள்>
```

எக்ஸ்எம்எல் என்ற சொல்லையே கேள்விப்படாதவரும் இதை வாசித்துவிடலாம். கோண அடைப்புக்குள் இருப்பவை குறிச்சொற்கள். ஒன்று திறக்கும், சாய்கோட்டுடன் வரும் மற்றொன்று மூடும். திறப்புக்கும் மூடலுக்கும் இடையில் உள்ளதெல்லாம் சேர்ந்து ஓர் உறுப்பு. உறுப்புக்குள் வேறு உறுப்புகள் இருக்கலாம், வெறும் எழுத்தும் இருக்கலாம். திறக்கும் குறிச்சொல்லுக்குள்ளேயே சமன் குறி போட்டு எழுதும் மாவட்டத்தைப் போன்றவை பண்புகள். அடிப்படை இலக்கணம் இவ்வளவுதான்.

இந்தக் குறிச்சொற்களுக்கு என்ன பெயர் வைப்பது என்பதை எவரும் முன்கூட்டி முடிவு செய்து தரவில்லை. தரவு யாருடையதோ அவர் வைத்துக்கொள்ளலாம். தமிழிலும் வைக்கலாம். 1986இல் சர்வதேசத் தரமான எஸ்ஜிஎம்எல் என்ற பெரிய மொழியைச் சுருக்கி, உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1998 பெப்ரவரி 10ஆம் திகதி எக்ஸ்எம்எல்லை வெளியிட்டபோதே, தமிழ் எழுத்துகளில் உறுப்புப் பெயர் வைக்க அதில் இடமிருந்தது. மேலே உள்ள கோப்பு மாதிரிக்காக மொழிபெயர்த்துக் காட்டியதன்று. அப்படியே கணினியில் சேமித்தால் எந்த எக்ஸ்எம்எல் கருவியும் அதை ஏற்கும். ஒவ்வொரு வகுப்பிலும் இதை முதலில் சொல்லிவிடுவேன். தன் மொழிச் சொல்லைக் கணினி அப்படியே ஏற்றுக்கொள்கிறது என்று கண்ட பிள்ளை அடுத்த கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்கிறது.

சரி, எட்டு எங்கிருந்து வந்தது?

அவள் பயன்படுத்தியது கிரெப். யுனிக்ஸ் காலத்திலிருந்து வரும் தேடல் கட்டளை. லினக்ஸிலும் மாக்கிலும், கட்டளைகளை அடிக்கும் முனையத்தைத் திறந்தால் தயாராக இருக்கும். குளம் என்ற சொல் எத்தனை வரிகளில் வருகிறது என்று அவள் அதனிடம் கேட்டிருக்கிறாள். திறக்கும் குறிச்சொல் மூன்று வரி, மூடும் குறிச்சொல் மூன்று வரி. வவுனிக்குளம் என்ற பெயருக்குள்ளும் குளம் இருக்கிறது, முத்தையன்கட்டுக்குளம் என்பதற்குள்ளும் இருக்கிறது. ஆக எட்டு. கிரெப் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் தந்தது.

கோண அடைப்பையும் சேர்த்து, திறக்கும் குறிச்சொல்லை மட்டும் தேடச் சொன்னேன். மூன்று வந்தது. அவள் முகம் மலர்ந்தது. உடனே அதே கோப்பை, வரிகளை முறிக்காமல் ஒரே நீண்ட வரியாகச் சேமித்துக் கொடுத்தேன். எக்ஸ்எம்எல்லைப் பொறுத்தவரை குளங்களும் பெயர்களும் மாவட்டங்களும் ஆறுகளும் மாறாத அதே தரவு. இப்போது கிரெப் 1 என்றது, ஏனென்றால் அது வரிகளை எண்ணுகிறது, வரி ஒன்றுதான் இருக்கிறது. வரி வரியாக எழுதிய கோப்பில், இன்னொரு குளத்தின் பதிவு இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்று அதைக் குறிப்பு அடைப்புக்குள் ஒதுக்கி வைத்தால், கிரெப் அதையும் சேர்த்து எண்ணும். எக்ஸ்எம்எல்லுக்கு அது குளமே இல்லை, வெறும் குறிப்பு.

கிரெப் பார்ப்பது வரிகளை. எக்ஸ்எம்எல்லில் இருப்பது மரம். பாடத்தின் நடு இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

மரம் என்றால் எப்படி? இரணைமடுவை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்திலிருந்து துருசு வழியாக இடதுகரை, வலதுகரைப் பிரதான வாய்க்கால்கள். அவற்றிலிருந்து கிளை வாய்க்கால்கள். கிளையிலிருந்து வயல் வாய்க்கால்கள். கடைசியில் ஒருவருடைய வயல். அந்த வயலுக்கு நீர் எப்படி வருகிறது என்று கேட்டால் ஒரு கமக்காரர் தயங்காமல் சொல்வார்: வலதுகரை, இத்தனையாம் கிளை, அதில் இத்தனையாம் வயல் வாய்க்கால், அங்கிருந்து மூன்றாவது வரவை. அவர் சொன்னது ஒரு பாதை. தொடங்கும் இடம் ஒன்று. ஒவ்வொரு பிரிவிலும் எந்தப் பக்கம் திரும்புவது என்பது தெளிவு. வயலில் நெல் நிற்கிறதா உழுந்து நிற்கிறதா என்று பார்க்காமலே அந்த இடத்துக்குப் போய்விடலாம்.

கணினியின் கோப்புறைகளும் இதே அமைப்புதான். ஒரு வேர், அதற்குள் கோப்புறை, அதற்குள் இன்னொன்று, நுனியில் கோப்பு. சாய்கோட்டால் பிரித்துப் பாதையை எழுதுகிறோம்:

```
/தரவு/முல்லைத்தீவு/வவுனிக்குளம்
```

எக்ஸ்எம்எல்லுக்கும் இதே வடிவில் பாதை எழுத ஒரு மொழி 1999 நவம்பரில் வந்தது. அதன் பெயர் எக்ஸ்பாத். நம் கோப்பிலுள்ள குளப் பெயர்கள் எல்லாம் வேண்டுமென்றால் இப்படி:

```
/குளங்கள்/குளம்/பெயர்
```

முல்லைத்தீவுக் குளங்களின் பெயர்கள் மட்டும் என்றால்:

```
/குளங்கள்/குளம்[@மாவட்டம்="முல்லைத்தீவு"]/பெயர்
```

சதுர அடைப்பு ஒரு நிபந்தனை. அதிலுள்ள சுழிக் குறி, இது பண்பு, உறுப்பு அன்று என்று சொல்கிறது. இந்தப் பாதைக்கு வரி எங்கே முறிகிறது என்பதைப் பற்றிக் கவலையில்லை. பெயருக்குள் குளம் என்ற சொல் இருப்பதும் அதைக் குழப்பாது.

இந்தப் பாதைகளை ஓட்ட ஒரு கருவி வேண்டும். தொடங்குகிறவருக்கு நான் பரிந்துரைப்பது எக்ஸ்எம்எல்லின்ட். மாக் கணினிகளில் ஏற்கெனவே இருக்கும். உபுண்டு என்ற லினக்ஸில் லிப்எக்ஸ்எம்எல்2 நூலகத்தின் கருவித் தொகுப்பை நிறுவினால் கிடைக்கும். லின்ட் என்றால் துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துணுக்கு. அதைத் தட்டிவிடுவது போல நிரலிலுள்ள சிறு பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றுக்கு 1970களில் பெல் ஆய்வுகூடத்தில் இந்தப் பெயர் வந்தது. பின்னர் வந்த பல சோதனைக் கருவிகள் அதைச் சுவீகரித்துக்கொண்டன.

ஆகவே அதன் முதல் வேலை சோதிப்பது. நோஅவுட் என்ற விருப்பத்துடன், அதாவது கட்டளையோடு சேர்த்து அடிக்கும் சொல்லுடன், கோப்பின் பெயரைக் கொடுங்கள். பிழை இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாது. முதன்முறை பார்ப்பவர்கள் கட்டளை வேலை செய்யவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். அந்த அமைதிதான் நல்ல பதில். மூட மறந்த உறுப்பு, மேற்கோள் குறி இல்லாத பண்பு, ஒன்றின் வயிற்றில் தொடங்கி வெளியே முடியும் உறுப்பு, இரண்டு வேர்கள், இவற்றில் எது இருந்தாலும் வரி எண்ணோடு முறையிடும். எக்ஸ்எம்எல் இந்த விடயத்தில் மிகவும் கண்டிப்பானது. வலைப்பக்கம் பிழையாக இருந்தால் உலாவி ஊகித்துச் சமாளிக்கும். எக்ஸ்எம்எல் பிழையாக இருந்தால் கருவி அங்கேயே நிற்க வேண்டும் என்பது விதி. தொடக்கத்தில் இது எரிச்சலாக இருக்கும். குளத்தின் நீர்மட்டக் கணக்கை ஊகித்து நிரப்பும் கருவியைவிட, நின்று கேட்கும் கருவியையே நான் விரும்புவேன்.

இரண்டாவது வேலை, எக்ஸ்பாத் விருப்பத்தோடு ஒரு பாதையைக் கொடுத்து விடை வாங்குவது. பாதையைக் கவுன்ட் என்ற செயல்கூற்றின் அடைப்புக்குள் வைத்தால் எண்ணிச் சொல்லும். ஒரே வரியாகச் சேமித்த கோப்பிலும், வரி வரியாக எழுதிய கோப்பிலும், குறிப்புக்குள் ஒரு குளம் ஒதுக்கப்பட்ட கோப்பிலும் விடை 3.

மூன்றாவது வேலை எனக்கு மிகவும் பிடித்தது, பலருக்கும் தெரியாதது. ஷெல் என்ற விருப்பத்தோடு திறந்தால் எக்ஸ்எம்எல்லின்ட் உங்களைக் கோப்புக்குள்ளேயே இறக்கிவிடும். கோப்புறைகளுக்குள் நடக்கப் பயன்படும் அதே கட்டளைகள் அங்கே வேலை செய்கின்றன. எல்எஸ் என்றால் இந்த இடத்தில் என்னென்ன உறுப்புகள் என்று பட்டியல். சீடி என்றால் உள்ளே போ. பிடபிள்யூடி என்றால் நான் நிற்கும் இடம் எது. கேட் என்றால் இந்த உறுப்பை முழுதாகக் காட்டு. கோப்பு முறைமையில் நடந்து பழகியவர் புதிதாக எதையும் கற்காமல் எக்ஸ்எம்எல் மரத்தில் நடக்கலாம். நீளமான பாதையை ஒரே மூச்சில் எழுதப் பயப்படும் பிள்ளைகளை நான் இங்கேதான் முதலில் விடுகிறேன். கிளை கிளையாக இறங்கிப் போய், நின்ற இடத்தில் பிடபிள்யூடி கேட்டால், அவர்கள் எழுதவேண்டிய பாதையைக் கருவியே எழுதிக் காட்டிவிடும்.

அன்றைக்கு அவளும் நடந்தாள். குளங்கள் என்ற வேருக்குள் போனாள். அடுத்துச் சீடி குளம் என்றாள். கருவி போக மறுத்து, இது மூன்று கணுக்களின் தொகுதி என்றது. கணு என்றால் மரத்தில் ஓர் இடம், இங்கே ஓர் உறுப்பு.

இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் இரண்டு மரங்களும் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றே அல்ல. ஒரு கோப்புறைக்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியாது. எக்ஸ்எம்எல்லில் ஒரே உறுப்புக்குள் குளம் என்ற பெயரில் எத்தனை உறுப்பும் இருக்கலாம். ஆகவே எத்தனையாவது என்று சொல்ல வேண்டும்: குளம்[2]. எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். பல நிரல்மொழிகளில் போலப் பூச்சியத்திலிருந்து அன்று. அவள் இரண்டு என்று கொடுத்து உள்ளே போய்ப் பிடபிள்யூடி கேட்டபோது வந்தது:

```
/குளங்கள்/குளம்[2]
```

வவுனிக்குளத்தில் நிற்கிறாள்.

அடுத்த வேறுபாடு வரிசை. கோப்புறைக்குள் கோப்புகளுக்கு நிலையான வரிசை இல்லை. பெயர்ப்படி காட்டு, திகதிப்படி காட்டு என்று கேட்டு மாற்றிக்கொள்கிறோம். எக்ஸ்எம்எல்லில் எழுதிய வரிசையே பொருளின் பகுதி. ஒரு வாய்க்காலின் மதகுகளை மேலிருந்து கீழாக எழுதியிருந்தால் அந்த வரிசையைக் கலைப்பது தரவைக் கலைப்பது. பண்புகளுக்கு மட்டும் வரிசை கிடையாது. ஓர் உறுப்பில் ஒரே பெயரில் இரண்டு பண்புகள் வரவும் கூடாது. மேலும், கோப்புறைக்குள் நேரடியாக எழுத்து எழுத முடியாது, கோப்புக்குள்தான் எழுதலாம். எக்ஸ்எம்எல் உறுப்பிலோ எழுத்தும் உறுப்பும் கலந்து வரலாம். இந்தக் காரணங்களால், எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றை அப்படியே கோப்புறைகளாக விரித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் பாதி வழியில் சிக்கிக்கொள்கிறார்கள்.

விரிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. எக்ஸ்எம்எல்2 என்றொரு சிறு கருவி, மரத்தின் ஒவ்வொரு இலையையும் முழுப் பாதையுடன் ஒரு வரியாக எழுதித் தரும்.

```
/குளங்கள்/குளம்/@மாவட்டம்=கிளிநொச்சி
/குளங்கள்/குளம்/பெயர்=இரணைமடு
/குளங்கள்/குளம்/ஆறு=கனகராயன் ஆறு
/குளங்கள்/குளம்
/குளங்கள்/குளம்/@மாவட்டம்=முல்லைத்தீவு
```

நடுவில் ஒன்றும் இல்லாமல் நிற்கும் நான்காவது வரி, இங்கே புதிய குளம் தொடங்குகிறது என்பதற்கான அடையாளம். இப்போது ஒவ்வொரு வரியும் தன் முழு முகவரியைச் சுமந்து நிற்கிறது. அதனால் கிரெப்பை மீண்டும் துணிந்து கூப்பிடலாம். ஒரு கட்டளையின் வெளியீட்டைக் குழாய்க் குறியால் அடுத்ததற்குள் பாய்ச்சி, பெயர் என்று முடியும் பாதைகளை மட்டும் வடித்து எடுத்தால் மூன்று பெயர்கள் மூன்று வரியில் வந்து விழும். கிரெப்மேல் இருந்த குறை நீங்கியது, தரவை அதற்கு ஏற்ற வடிவில் கொடுத்ததால். திருத்திய வரிகளைத் திரும்ப மரமாக்க 2எக்ஸ்எம்எல் என்ற சோடிக் கருவியும் உண்டு.

எக்ஸ்பாத்தும் இந்த விரித்தலும் தெரிந்துவிட்டால் அன்றாட வேலையில் பெரும்பகுதி முடிந்தது. பல கோப்புகள் இருந்தால் ஃபைன்ட் கட்டளையால் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகச் சோதனைக்கு அனுப்பலாம். எதைக் கோப்புறையாக வைப்பது, எதைக் கோப்புக்குள் உறுப்பாக வைப்பது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு குளத்தின் பதிவை ஒரு கமக்காரர் அமைப்புத் தனியாகப் பேணுமானால் அதற்குத் தனிக் கோப்பு என்பது என் வழக்கம். இருவர் ஒரே கோப்பில் கை வைத்தால் ஒருவருடைய வேலை அழியும்.

அவளுடைய கோப்பு மெல்ல வளர்ந்தது. பழைய பட்டியல் ஒன்று வேர்ட் ஆவணமாக வீட்டில் இருந்தது. அந்த ஆவணமும் எக்ஸ்எம்எல்தான் என்று சொன்னபோது நம்பவில்லை. டாக்எக்ஸ் என்று முடியும் எந்தக் கோப்பையும் அன்சிப் கட்டளையால் விரித்துப் பாருங்கள்: அது ஒரு சிப் பொதி, உள்ளே கோப்புறைகள், அவற்றுக்குள் எக்ஸ்எம்எல் கோப்புகள். லிப்ரே ஆபிசின் ஓடிடி ஆவணமும் அப்படியே. ஆனால் விரித்ததும் எளிய பாதையைக் கொடுத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் அதிலுள்ள உறுப்புப் பெயர்கள் பெயர்வெளி என்ற குடும்பப் பெயரோடு வருபவை. ஷெல்லுக்குள் செட்என்எஸ் என்ற கட்டளையால் அந்தக் குடும்பத்தை முதலில் அறிமுகப்படுத்த வேண்டும்.

அதைச் செய்த பிறகும் இரணைமடு கிடைக்கவில்லை. திறந்து பார்த்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளின் குவியல். பாமினி எழுத்துருவில் அடித்த ஆவணம் அது. எங்கள் ஊரில் இன்னும் எத்தனையோ கடிதங்களும் பட்டியல்களும் பாமினியில்தான் இருக்கின்றன. பாமினியில் திரையில் தெரிவது மட்டுமே தமிழ்; கோப்பில் கிடப்பது அடித்த விசைகளின் ஆங்கில எழுத்து. எழுத்துரு இல்லாத கணினிக்கும் தேடல் கருவிக்கும் அது தமிழ் இல்லை. அதை, தமிழுக்கெனத் தனிக் குறிகள் உள்ள யூனிகோடுக்கு மாற்றாமல் எந்தக் கருவியாலும் பயனில்லை. மாற்றும் மென்பொருள் ஒன்றில் போட்டு எடுத்துத் தன் கோப்பில் சேர்த்தாள். முதல் வரியில், யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎப்-8 குறியாக்கம் என்று அறிவிக்கவும் சொன்னேன். அறிவிக்காவிட்டால் சில கட்டளைகள் தமிழ் எழுத்துகளை எண்களாக மாற்றித் துப்பும்.

அடுத்த சனிக்கிழமை மீண்டும் மடிக்கணினியோடு வந்தாள். "சேர், அக்கராயன்குளத்தைக் காணவில்லை." கோப்பில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. எக்ஸ்எம்எல்லின்ட் பிழை சொல்லவில்லை. பாதையும் சரி. மாவட்டம் கிளிநொச்சி என்று நிபந்தனை போட்டால் இரணைமடு வருகிறது, அக்கராயன்குளம் வருவதில்லை.

இரண்டு வரிகளிலும் உள்ள கிளிநொச்சி என்ற சொல்லை மட்டும் வெட்டி எடுத்து, டபிள்யூசி கட்டளையால் பைட்டுகளை எண்ணச் சொன்னேன். யூடிஎப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு. இரணைமடுவின் கிளிநொச்சி 30 பைட்டு. அக்கராயன்குளத்தின் கிளிநொச்சி 33 பைட்டு.

வித்தியாசம் நொ என்ற எழுத்தில் இருந்தது. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் இரண்டு தனிக் குறிகளாக அடுத்தடுத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்று. பாமினியில் கொம்பும் காலும் தனித்தனி விசைகள் என்பதால், மாற்றிய மென்பொருள் அவற்றைத் தனித்தனியாகவே விட்டுவிட்டது. எக்ஸ்பாத்தோ கிரெப்போ இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை. பைட்டு வேறு என்றால் சொல் வேறு. ஓகாரத்துக்கும் இதே ஆபத்து உண்டு. முல்லைத்தீவில் ஒகரம் இல்லை; மாற்றி வந்த முல்லைத்தீவுக் குளங்கள் எதுவும் காணாமல் போகவில்லை. அதனால்தான் பிழை இத்தனை நாள் ஒளிந்திருந்தது.

யூகான்வ் என்ற கருவி, என்எப்சி என்ற சீர்வடிவத்துக்கு மாற்றச் சொன்னால், பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்கிவிடும். முழுக் கோப்பையும் அதன் ஊடாகப் பாய்ச்சி, புதிய பெயரில் சேமித்து, நோஅவுட் போட்டுச் சோதித்தாள். அமைதி. பிறகு பாதையை அடித்தாள்.

```
/குளங்கள்/குளம்[@மாவட்டம்="கிளிநொச்சி"]/பெயர்
```

இரணைமடு முதலில் வந்தது. அதன் கீழே அக்கராயன்குளம்.